ஒற்றைக்கால் பசு

காஜா பெராங், மலாக்கா
2603 ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கமலவேணி எழுதுவது. அப்பா, அண்ணி, பாப்பா மல்லிகா, நான், நால்வரும் இங்கே உயிரோடும் பசியோடும் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். கடைசி வரியில் எழுதினால் அதுவரை அண்ணி மூச்சுவிட மாட்டார்.

தேதியைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். 1943 என்று எழுதினால் தபாலில் எடுக்க மாட்டார்களாம். ஜப்பான்காரர்களின் புதுக் காலண்டர்படி 2603. நான் பிறந்தது 1928. கழித்துப் பார்த்தால் எனக்கு 675 வயது. இனிமேல் என்னை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். பாட்டியம்மா, எழுந்துபோய் மரவள்ளியைச் சீவுங்கள் என்றார்.

உங்களைக் குளுவாங் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருந்து கட்டும் டிரஸராகக் கொண்டுபோய் மூன்று மாதம் ஆகிறது. ஒரு நடை வந்து போகக்கூடாதா என்று அண்ணி கேட்கிறார். எதில் வருவீர்கள்? தம்பின் ஊரிலிருந்து இங்கே வரும் ரயிலும் இல்லை. தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோகிறார்கள். ரயில் நின்றுவிட்டது, பாதை ஓடிவிட்டது.

பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்தது. அண்ணிக்குக் குளிர்காய்ச்சல் வந்ததிலிருந்து தாய்ப்பால் வற்றிவிட்டது. நீங்கள் இருந்தபோது ஒரே ஒரு சங்கு பசும்பால் கொடுத்து, உடம்பெல்லாம் தடித்து, உதடு நீலமாகி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினீர்களே, அன்று முதல் இந்த வீட்டில் பால் என்ற சொல்லே கிடையாது. பால்காரர் மணி அடித்தால் அண்ணி ஜன்னலைச் சாத்துகிறார். கஞ்சித் தண்ணீரும் மசித்த வாழைப்பழமும்தான் கொடுக்கிறோம். ஆனால் இழுப்பு மட்டும் விடவில்லை. பாலே இல்லாமல் எதற்கு இழுக்கிறது? டிரஸர் ஐயா பதில் சொல்ல வேண்டும்.

மாணிக்கவாசகம் என்று பெயர் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் ஒரு வாசகம்கூட எழுதவில்லையே.

அடங்காத தங்கை,
கமலவேணி


குளுவாங்
2603 ஜூலை 2

கமலத்துக்கு ஆசி. நான் சுகம். முதல் வரியில் எழுதிவிட்டேன், உன் அண்ணியை மூச்சுவிடச் சொல்.

உன் கேள்வியை இங்குள்ள வயதான டாக்டரிடம் கேட்டேன். சில குழந்தைகளின் உடம்பு பாலைப் பகையாளியாக நினைத்துவிடும் என்கிறார். பாலில் விஷம் கிடையாது, ஆனால் அந்த உடம்புக்கு அது விஷம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேறு பகையாளிகளும் இருக்கலாம்: தலையணைப் பஞ்சு, பூனை முடி, புகை, தூசி. எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, எழுதி வைப்பது.

பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள். தேதி, என்ன தின்றாள், எங்கே படுத்தாள், பக்கத்தில் என்ன இருந்தது, எவ்வளவு நேரம் கழித்து இழுத்தது. பார்த்ததை மட்டும் எழுது. நினைத்ததை எழுதாதே. நோட்டில் வேடிக்கை கூடாது. வேடிக்கையெல்லாம் எனக்கு எழுதும் கடிதத்தில் வைத்துக்கொள்.

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இந்த வார்டில் இழுப்பும் தடிப்பும் வரும் ஆறு குழந்தைகளை அதில் எழுதியிருக்கிறேன். முதல் பக்கம் நம் மல்லிகா.

இப்படிச் சேராத பால், சில பிள்ளைகளுக்கு வளர வளரச் சேர்ந்துவிடும் என்றும் டாக்டர் சொன்னார். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை. அதுவரை ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அப்பாவுக்கு வணக்கம். பாப்பாவின் உள்ளங்காலை என் சார்பில் கிள்ளு.

மாணிக்கவாசகம்


காஜா பெராங்
2603 ஆகஸ்டு 15

மாண்புமிகு டிரஸர் ஐயா அவர்களுக்கு,

எல்லாரும் நலம், என்னைத் தவிர. ஐந்து வாரமாக நான் நீதிபதியாக இருப்பதால் இடுப்பு வலிக்கிறது. வழக்கு விவரம் கீழே.

முதல் எதிரி, பின்வீட்டுச் சபியா அக்காவின் பூனை. நான்கு நாள் வீட்டுக்குள் விட்டோம், நான்கு நாள் விரட்டினோம். விட்டபோதும் இழுப்பு, விரட்டியபோதும் இழுப்பு. பூனை நிரபராதி. தீர்ப்பைக் கேட்க நிற்காமல் எங்கள் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது அதன்மேல் வேறு வழக்கு.

இரண்டாம் எதிரி, கொசுவுக்குப் போடும் தேங்காய் மட்டைப் புகை. புகை போட்ட ஐந்து நாளில் மூன்று நாள் இழுப்பு. சந்தேகம்தான், இருந்தாலும் புகையை நிறுத்திவிட்டோம். கொசுக்கள் உங்களை விசாரித்தன.

மூன்றாம் எதிரி, இலவம்பஞ்சுத் தலையணை. அண்ணி அதைத் தட்டிப் போட்ட நாளெல்லாம் அரை மணிக்குள் பாப்பா விசில் அடிக்க ஆரம்பித்துவிடுகிறாள். தலையணையை வெளியே கடத்திவிட்டு வெறும் பாயில் படுக்கவைத்தோம். பதினோரு நாளாக இழுப்பே இல்லை. பதினோரு நாள். நான் நினைத்ததை எழுதவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். நோட்டில் இருக்கிறது.

அண்ணி அதைக் கேட்டதும் கொல்லைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்றார். வீட்டில் வெங்காயம் இருந்து எத்தனை நாள் ஆகிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு குறை. பாப்பா மெலிந்து வருகிறாள். அரிசி பாதி கல், பாதி புழு. கஞ்சித் தண்ணீரில் கஞ்சி இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. இதையும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நீதிபதி கமலவேணி


காஜா பெராங்
2603 அக்டோபர் 10

அன்புள்ள அண்ணா,

ஆகஸ்டில் எழுதியதற்குப் பதில் இல்லை. கிடைக்கவில்லையா, கிடைத்துப் பயந்துவிட்டீர்களா? உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் ஐயா அவர்களுக்கும் ஒரு வணக்கம். அவருடைய பிள்ளைகுட்டிகள் நலமா?

இருவருக்கும் ஒரு விடுகதை. ஒரு பசு. ஒற்றைக்கால். மடி கழுத்தில் தொங்கும். புல் தின்னாது. கறக்க வேண்டுமானால் ஏற வேண்டும். கன்று விழுந்தால் நம் மண்டை உடையும். அது என்ன?

அந்தப் பசுவின் பால்தான் மூன்று வாரமாகப் பாப்பாவுக்குக் கொடுக்கிறோம். காலையில் மூன்று கரண்டி, மாலையில் மூன்று கரண்டி. தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. நேற்று என் விரலைக் கடித்து இரண்டு பல் அடையாளம் வைத்தாள்.

விடை தெரியாமல் இருவரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தென்னைமரம். சபியா அக்கா வீட்டுத் தேங்காய். அரைத்து, பிழிந்து, மூன்றாம் பாலாகத் தண்ணீர் சேர்த்துக் கொதிக்கவைத்துக் கொடுக்கிறோம். யோசனை என்னுடையது, பிழிகிற கை அண்ணியுடையது.

நோட்டில் தேங்காய்ப்பால் என்றுதான் எழுதியிருக்கிறேன். வேடிக்கை உங்களுக்கு மட்டும்.

கமலவேணி


குளுவாங்
2603 நவம்பர் 21

கமலம், நல்லா இருப்பாய் நீ.

உன் ஆகஸ்டுக் கடிதம் வரவில்லை. அக்டோபர் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தணிக்கைக்காரர் இரண்டு இடத்தில் கறுப்பு மையை ஊற்றி அடித்திருக்கிறார். என்ன குறும்பு எழுதித் தொலைத்தாயோ. ஆனால் படிக்க வேண்டியதைப் படித்துவிட்டேன். "அந்தப் பசுவின் பால்தான் மூன்று வாரமாகப் பாப்பாவுக்குக் கொடுக்கிறோம். தடிப்பு இல்லை, இழுப்பு இல்லை." அந்த இரண்டு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். டாக்டரிடமும் காட்டினேன். சேர்ந்துவிட்டது போலிருக்கிறதே என்று அவரும் சந்தோஷப்பட்டார்.

என்னைக் கேட்காமல் பசும்பால் கொடுத்துப் பார்க்க உங்களுக்கு எப்படித் தைரியம் வந்தது என்று முதலில் கோபம் வந்தது. கன்னத்தில் சதை என்று படித்ததும் கோபம் போய்விட்டது.

துரை விட்டுப்போன பங்களாவின் சாமான் அறையில் ஒரு டின் பால்மாவு கிடைத்தது. சீல் உடையவில்லை. என் சொந்தப் பிள்ளைக்கு இதுவரை நான் ஒன்றும் அனுப்பியதில்லை. தோட்டத்துக்குக் கருவாடு கொண்டுவந்து போகும் மலாக்கா லாரிக்கார ஹனீபா நானாவிடம் டின்னையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி. அண்ணிக்குப் படிக்கத் தெரியாதே என்று நானாவிடம் வாயாலும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பாப்பா குடிப்பதை நீ பார்த்து எழுது. முகம் எப்படிப் போகிறது, எத்தனை வாய், எல்லாம்.

மாணிக்கவாசகம்


காஜா பெராங்
2603 டிசம்பர் 3

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நவம்பர் 27 சனிக்கிழமை பாப்பா இறந்துவிட்டாள். காய்ச்சல். மறுநாள் காலையில் அப்பா எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணி இருக்கிறார். சாப்பிடுகிறார். அவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கமலவேணி


குளுவாங்
2604 ஜனவரி 30

கமலத்துக்கு,

லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. மறுபடி கேட்டேன், கன்னத்தில் கிடைத்தது. அதனால்தான் எழுத நாளாயிற்று.

உன் கடிதத்தில் ஏழெட்டு வரிதான் இருக்கிறது. எத்தனை டிகிரி, எத்தனை நாள் காய்ச்சல் என்று இல்லை. நோட்டு வைத்திருக்கும் பெண் எழுதும் கடிதம் அப்படி இருக்காது. டின்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஹனீபா நானா வந்தபோது கேட்டேன். தன் கண்ணெதிரே உன் அண்ணி டின்னைத் திறந்ததாகவும், உடனே தான் லாரிக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். அவர் கொண்டுவந்த தேதியும் 27.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்டோபரில் எழுதினாயே, அந்தப் பசு. அது எந்தப் பசு?

கறுப்பு மைக்குக் கீழே என்ன இருந்தது, கமலம்?

மாணிக்கவாசகம்


காஜா பெராங்
2604 பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா, அண்ணி, நான் மூவரும் நலம். கன்னத்தில் வீக்கம் வடிந்ததா?

எந்தப் பசு என்று கேட்டிருக்கிறீர்கள். புக்கிட் ரம்பாய் கலியாணசுந்தரத்தின் பசு. அவரை உங்களுக்குத் தெரியாது. அவருக்குக் கலியாணமும் ஆகவில்லை, சுந்தரமும் இல்லை, பசு மட்டும் உண்டு. செவலை. நெற்றியில் வெள்ளைத் திட்டு. பெயர் சீமாட்டி. கறக்கப் போனால் பின்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நின்று யோசிப்பாள். ஒரு தடவை அப்பாவின் வேட்டியைத் தின்றுவிட்டாள், பாதி வேட்டியோடு அப்பா வாழைத்தோட்டத்துக்குள் ஓடியது ஊருக்கே தெரியும். வேட்டி தின்ற பசுவின் பாலானதால் வெளுப்பு அதிகம் என்று அண்ணியிடம் சொன்னேன். கறுப்பு மைக்குக் கீழே இருந்தது இந்தக் கதைதான். மாடு வைத்திருப்பவர் பெயரை எழுதியதால் அடித்திருப்பார்கள்.

டின்னைத் திறந்தது உண்மை. இரண்டு கரண்டி கொடுத்ததும் உண்மை. இரண்டு மாதமாகச் சீமாட்டியின் பாலைக் குடித்த பிள்ளைக்கு இரண்டு கரண்டி மாவு என்ன செய்யும்? காய்ச்சல் முந்தின நாளே வந்துவிட்டது. நீங்கள் டிரஸர், உங்களுக்குத் தெரியாதா? நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் குறும்புத் தங்கை,
கமலவேணி


குளுவாங்
2604 ஏப்ரல் 4

அன்புள்ள கமலத்துக்கு ஆசி. உடம்பு பரவாயில்லை.

சீமாட்டி வேட்டி தின்ற இடத்தில் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அழுகை வந்தது, ஆனால் அது வேறு மாதிரி அழுகை. பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் இப்போது சொல்லலாம், ஏனென்றால் அது இல்லை என்று ஆகிவிட்டது.

என் நோட்டில் மல்லிகாவின் பக்கத்தில் "காரணம்: பால்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "காய்ச்சல்" என்று எழுதினேன். சேராத பால் வளர்ந்ததும் சேரும் என்பதற்கு அவள்தான் சாட்சி என்று டாக்டரிடமும் சொன்னேன்.

இங்கே மருதமுத்து என்று ஒரு பையன் இருக்கிறான். ஒரு வயது ஆகவில்லை. அப்பனைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், அம்மா வார்டிலேயே போய்விட்டாள். ஒரு தடவை பால் கொடுத்து நம் பாப்பாவைப் போலவே தடித்துப்போனான். அன்று முதல் பயந்துகொண்டு கஞ்சித் தண்ணீரிலேயே வைத்திருக்கிறேன். கை கால் குச்சியாகிவிட்டது. மல்லிகாவுக்குச் சேர்ந்தது இவனுக்கும் சேரும். தோட்டத்து மாடு மே மாதக் கடைசியில் கன்று போடும். போட்டதும் அரைச் சங்கில் தொடங்கப் போகிறேன்.

மல்லிகாவால் இன்னொரு பிள்ளைக்கு நல்லது நடந்தால் உன் அண்ணிக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சொல்.

மாணிக்கவாசகம்


காஜா பெராங்
2604 மே 9

அண்ணா, மருதமுத்துவுக்குப் பால் கொடுக்காதீர்கள்.

சீமாட்டி என்று பசு இல்லை. கலியாணசுந்தரம் என்று ஆளும் இல்லை. அது தென்னைமரம். நான் போட்ட விடுகதை. ஒற்றைக்கால் பசு என்றும் எழுதியிருந்தேன், கீழே தென்னைமரம், தேங்காய்ப்பால் என்றும் எழுதியிருந்தேன். ஏதோ சங்கேதம் என்று இரண்டையும் அடித்துவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் விட்டிருக்கிறார்கள். அந்த முதல் சங்குக்குப் பிறகு பாப்பா பசும்பாலைத் தொட்டதே இல்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. தபாலில் போட்டால் எப்போது வரும், எதை அடிப்பார்கள் என்று தெரியாது. ஹனீபா நானாவிடம் கொடுக்கிறேன். உங்கள் கையில் கொடுக்காமல் கருவாட்டை இறக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நானும் அப்பாவும் புக்கிட் பாருவில் மரவள்ளி பிடுங்கப் போயிருந்தோம். மத்தியானம் நானா வந்தாராம். "டிரஸர் சொல்லிட்டாருமா, இனிமே பயமில்ல, பிள்ளைக்குப் பால் குடுக்கலாமாம், ரெண்டு கரண்டி" என்றாராம். அண்ணி இரண்டு தடவை கேட்டாராம், அவங்களே சொன்னாங்களா, அவங்க வாயால சொன்னாங்களா என்று. நீங்கள் சொன்னதாகச் சொன்னதால்தான் கொடுத்தார். வேறு யார் சொல்லியிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். உங்கள் கடிதம் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. வீட்டில் படிக்கிறவள் நான்தானே.

நான் வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். பாப்பாவின் முகம் அடையாளம் தெரியவில்லை. காய்ச்சல் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

கடிதத்தைப் பிரித்து அண்ணிக்குப் படித்தேன். பசு என்ற இடம் வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணிக்கும் புரிந்தது. "அவங்களுக்குத் தெரிய வேணாம் கமலம், அங்க ஒத்தையில இருக்காங்க" என்றார். அது ஒன்றுதான் சொன்னார். அதனால் காய்ச்சல் என்று எழுதினேன். நீங்கள் பசுவைக் கேட்டதும் பசுவை உண்டாக்கினேன். சிரிப்பு வருகிற மாதிரி எழுதினால்தான் நம்புவீர்கள் என்று வேட்டியைத் தின்ன வைத்தேன். அதை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

மருதமுத்து இல்லாமலிருந்தால் கடைசிவரை சொல்லியிருக்க மாட்டேன்.

என் நோட்டை முழுசாக அனுப்புகிறேன். அதில் ஒரு வேடிக்கையும் இல்லை. 27ஆம் தேதிப் பக்கமும் இருக்கிறது.

கமலவேணி


குளுவாங்
2604 ஜூன் 18

கமலத்துக்கு ஆசி.

நானா கொண்டுவந்து கொடுத்தார். மாடு கன்று போட எட்டு நாள் இருந்தது. பையனுக்குப் பால் கொடுக்கவில்லை. உன் நோட்டில் உள்ள அளவுப்படி மூன்றாம் தேங்காய்ப்பால், காலையில் மூன்று கரண்டி, மாலையில் மூன்று. மூன்று வாரம் ஆயிற்று. தடிப்பு இல்லை. நேற்றுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கேட்காதே.

மல்லிகாவின் பக்கத்தை மறுபடி எழுதினேன். இப்போது அது இப்படி இருக்கிறது:

"மல்லிகா. வயது பதின்மூன்று மாதம். காரணம்: பால்மாவு, இரண்டு கரண்டி. கொடுக்கச் சொன்னவர்: தகப்பன். முதலில் ஒரு சொட்டை உதட்டில் வைத்துப் பார்க்கும்படி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை."

உன் அண்ணியின் பெயர் அதில் இல்லை. உன் பெயரும் இல்லை. மை ஊற்றியவனின் பெயர் எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. எதையும் விட்டுவிடாதே, கமலம். எதையும் சேர்க்காதே.

மாணிக்கவாசகம்